பழஞ்சுவர் மண்

கத்தரி நாற்றைப் பின்னேரத்தில்தான் நட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. காலையில் நட்டால் மத்தியான வெயிலுக்குத் தலை சாய்த்துவிடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிவந்தது நல்ல நடுகைப் பொழுதில். பிடுங்கிய நாற்று ஈரச்சாக்கில் சுற்றியபடி கிணற்றடியில் கிடக்கிறது. ஒரு கான்ஸ்டபிளை அனுப்பித் தண்ணீர் தெளிக்கச் சொன்னால் மீதியை மனம் பதறாமல் சொல்லுவேன்.

நன்றி. வாளியோடு ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கையால் தெளித்தால் போதும்.

என் பெயர் காசிநாதர். துறைமுகப் பண்டகசாலையில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவன். யுத்தம் வந்தபின் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுந்தெருவுக்கு, என்னை ஏ.ஆர்.பி. வார்டனாகப் போட்டார்கள். ஆகாயத்திலிருந்து குண்டு போட்டால் சனங்களைக் காப்பாற்றுகிற வேலை. இரும்புத் தொப்பியும் விசிலும் தந்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. ஒழுங்கையில் பொறுப்பான மனிதர் யார் என்று விசாரித்திருப்பார்கள்.

எங்கள் ஒழுங்கை கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே மண் என்று சொல்வது மரியாதைக்காக. அது வெறும் மணல். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், குடத்தை நிமிர்த்துமுன் அது பாதாளத்துக்குப் போய்விடும். எருவும் அப்படித்தான். ஒரு மாரி மழை பெய்தால் சத்தெல்லாம் கடலுக்குப் போய் மீன்தான் கொழுக்கும். இதற்கு மேல் கச்சான் காற்று. வைகாசியில் தொடங்கினால் இலையைப் பப்படமாகப் பொரித்துவிட்டுத்தான் ஓயும்.

அரிசிக்குக் கூப்பன் வந்த காலம். ஆளுக்கு ஆள் மரக்கறி பயிரிடுங்கள், அதுவும் யுத்தத்துக்குச் செய்யும் உதவிதான் என்று அரசாங்கம் சொன்னது. மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். நான் மண்வெட்டி வாங்கினேன். மீன்பிடிக் கிராமமான சல்லிக்குச் சைக்கிளில் போய் மீன் கழிவு கட்டிவந்து புதைத்தேன். என் மனைவி குணமணி மூக்கைப் பொத்திக்கொண்டு, வாடை போகும்வரை தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கரையில் ஒதுங்கும் சாதாழைப் பாசியை அள்ளி, உப்புப் போக மழையில் கிடத்திப் போட்டேன். மண்ணுக்குள் பனையோலை தாழ்த்தினேன். ஆட்டுப் புழுக்கைக்காக ஆடுகளின் பின்னால் நடந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற கிளாக் ஒருவருக்கு அது லேசான காரியமில்லை.

அவ்வளவும் செய்து விளைந்த கத்தரிக்காயை அரசாங்கக் கச்சேரி வளவில் நடந்த மரக்கறிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். விவசாயப் பகுதி அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதை ஏன் இங்க வச்சிருக்கிறியள்? சுண்டங்காய்க்கு அங்கால வேற மேசை இருக்கு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வளவுக் கமலேஸ்வரியும் சிரித்தாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எங்கே நின்றாள், எப்படிச் சிரித்தாள் என்பதெல்லாம் இப்போது எனக்கு நினைவுகூட இல்லை. வேப்பமரத்தடியில், பச்சைச் சேலையோடு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கமலேஸ்வரி புருஷனை இழந்தவள். ஒரே மகள் இரத்தினேஸ்வரி. என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுடைய வீடு அவளுடைய பாட்டன் கட்டியது. இந்த மணலில் சுவர் நிற்காதென்று தம்பலகாமத்து வயலிலிருந்து வண்டி வண்டியாகக் களிமண் ஏற்றிவந்து, வைக்கோல் போட்டு மிதித்து, ஒரு முழத்துக்குக் குறையாத தடிப்பில் எழுப்பிய மண்சுவர். மேலே ஓடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். நகை முன்பின் ஆகலாம், வீடு இல்லாமல் தாலி ஏறாது. அந்த வீட்டை இரத்தினேஸ்வரிக்கு எழுதி, நிலாவெளி முத்துலிங்கத்தின் மகனுக்கு ஆவணியில் கட்டிக்கொடுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்த வீட்டுக் குசினிச் சுவரின் அடியில் ஒரு கத்தரிச்செடி தானாக முளைத்திருந்தது. யாரும் நட்டதில்லை, எரு போட்டதில்லை. சட்டி கழுவிய தண்ணீர் மட்டும் ஓடும். சுவரிலிருந்து உதிர்ந்த மண் அதன் காலடியில் குவிந்திருந்தது. செடி என் இடுப்பு உயரம். காய்கள் ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் முழங்கால் அளவு. வேலிக்கு மேலால் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது.

பழஞ்சுவர் மண் என்பது சாதாரண மண் இல்லை, ஐயா. வயல் களி, வைக்கோல், சாணம், எத்தனையோ வருஷத்து அடுப்புப் புகை, எல்லாம் அதற்குள் ஊறியிருக்கும். அதில் ஒரு கூடையை மணலோடு கலந்தால் தண்ணீர் நிற்கும், சத்து நிற்கும், செடியும் நிற்கும். எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை வருஷம் பிறக்கச் சில நாள் இருக்கும்போது, ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். சீனன்குடாப் பக்கம் கறுப்புப் புகை எழும்பி நாள்கணக்கில் நின்றது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டது. கமலேஸ்வரியும் மகளும் வெருகலுக்குக் கிட்ட ஈச்சிலம்பற்றையில் இருக்கும் சொந்தக்காரரிடம் போனார்கள். போகும்போது வீட்டுச் சாவியை என் கையில் தந்தாள்.

"அண்ணை, வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ. பிள்ளைக்கு எண்டு இருக்கிறது இது ஒண்டுதான். வரலாம் எண்டு நீங்கள் சொன்னால்தான் வருவம்."

"ஓம் தங்கச்சி. யோசியாமல் போங்கோ" என்றேன்.

அந்தச் சாவிக்கு வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் போட்டு வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குண்டு அதிர்ச்சியில் குசினிச் சுவரில் கொஞ்சம் மண் விழுந்திருந்தது. விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளுவது வீட்டைப் பார்த்துக்கொள்வதில் சேர்த்தி. அள்ளியதை எறிய மனம் வராமல், அவர்களுடைய கிணற்றடியிலேயே ஒரு சின்னப் பாத்தி போட்டேன். என் கிணறு கோடையில் உவர்க்கும், அவர்களுடையது இளநீர் மாதிரி. நட்ட கன்று எல்லாம் பிடித்துக்கொண்டது. விழுந்த மண் முடிந்ததும், விழப்போகிற நிலையில் இருந்த மண்ணை விரலால் எடுத்தேன். எந்த மண்ணும் என்றைக்காவது விழப்போவதுதான்.

ஆடி மாதம் சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் தயிர்ச்சட்டி கொண்டுவரும் ரபீக்கா வெருகல் பக்கத்து மாட்டுப் பட்டிகளில்தான் தயிர் எடுப்பாள். கமலேஸ்வரி அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். ரபீக்கா படகு ஜெட்டியடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் திரும்பி வாறாங்களாமே, நாங்களும் வரட்டா எண்டு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றாள்.

அப்போது செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. அந்த நேரத்தில் யாராவது நடுவில் நடமாடினால் பூ கொட்டிவிடும்.

"இப்ப வரவேண்டாம் எண்டு சொல்லு. வளவுக்குள்ள ஒரு குண்டு வெடியாமல் கிடக்குது."

"வெடியாமலா?"

"களிமண் எண்டால் விழுந்த உடனே வெடிச்சிருக்கும். இது மணல். அப்பிடியே உள்ளுக்குப் போட்டுது."

ரபீக்கா தயிர்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். குண்டு இருக்கிறதா என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டிப் பாராத இடத்தில் குண்டு இல்லை என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஒரு வார்டன் எதையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

சொன்ன பிறகு, அதற்கேற்றபடி நடக்காவிட்டால் அழகில்லை. குணமணியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கமலேஸ்வரியின் வேலிப் படலையில் கொடி கட்டினேன். ஒழுங்கைச் சனம் மறுபக்கத்து வேலியை உரசிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. மாங்காய் களவெடுக்கும் பிள்ளைகள் வரவில்லை. ஆடுகளைக்கூட அந்தப் பக்கம் விடாமல் கட்டிப்போட்டார்கள். நான் மட்டும் தினமும் காலையும் மாலையும் தலையில் இரும்புத் தொப்பியும் கையில் வாளியுமாக உள்ளே போனேன். வாளி எதற்கென்று யாரோ கேட்டார்கள். குண்டு சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். தண்ணீர் ஊற்றினேன் என்பது உண்மைதானே. தைரியமான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

ரபீக்கா அடுத்த முறை வந்தபோது, வீட்டுக்கு ஏதாவது சேதமா என்று கேட்டு வந்தாள். கொஞ்சம் சேதம் என்றேன். அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை. போய்ப் பார்த்தால் வீடு கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறது. சொன்னது ஒன்று, இருப்பது ஒன்று. பண்டகசாலையில் இத்தனை வருஷம் வேலை செய்தவன் நான். கணக்கில் இருப்பதும் இறாக்கைத் தட்டில் இருப்பதும் ஒத்துவராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

குசினிச் சுவரைத்தான் முதலில் எடுத்தேன், அதில்தான் புகைச் சத்து அதிகம். கட்டிகளைச் சாணித் தண்ணீரில் ஊறப்போட்டு, உடைத்து, சாதாழையோடு கலந்து பரப்பினேன். மாரி வருமுன் நடு அறையையும் எடுத்தேன். சுவர் இல்லாத இடத்தில் கூரை நிற்பது ஆபத்து. அதனால் ஓடுகளை இறக்கிப் பாத்திகளுக்கு வரம்பு கட்டினேன். ஒரு ஓடுகூட வீணாகவில்லை. ஒழுங்கைப் பக்கத்து முன்சுவரையும் கதவையும் மேலிருந்த தாழ்வாரத்தையும் தொடவில்லை. தெருவால் போகிறவர்கள் பார்த்து மனம் நோகக் கூடாது.

என் வீட்டை ஏன் இடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நான் இருப்பது குணமணியின் சீதன வீடு, ஐயா. பிறருடைய வீட்டில் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மார்கழி முடிவில் நிலாவெளியிலிருந்து முத்துலிங்கம் சைக்கிளில் வந்தார். ஆவணிக் கலியாணத்தைக் குண்டுக்காக ஒத்திவைத்திருந்தார்கள். தையிலாவது வைக்கலாமா என்று வீட்டைப் பார்க்க வந்தவர், கொடியைக் கண்டதும் படலையிலிருந்து தள்ளியே நின்றார். சைக்கிளிலிருந்து இறங்கவுமில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டார்.

"வீடு எப்பிடி? இருக்கப் பாவிக்கேலுமோ?"

"முன்சுவர் நல்லா நிக்குது" என்றேன்.

"அப்ப உள்ளுக்கு?"

"உள்ளுக்கு… காத்தோட்டமா இருக்குது."

அவர் சைக்கிளை வந்த பக்கம் திருப்பினார். பிறகு, "நல்ல பிள்ளைதான். எங்கட பெடியனும் அவளைத்தான் எண்டு நிக்கிறான். எண்டாலும் வீடில்லாமல் நான் என்னெண்டு செய்யிறது? ஊர் சிரிக்கும். தை முடியுமட்டும் பாப்பம். அதுக்குள்ள குண்டை எடுக்காட்டி வேற இடம் பாக்கத்தான் வேணும்" என்றார்.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் தையில்தான் பெரிய நடுகை. இரத்தினேஸ்வரிக்கு வயது கிடக்கிறது, இன்னும் எத்தனையோ தை வரும். நாற்றுக்கு அந்தத் தையை விட்டால் போனதுதான். அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கிணற்றடிப் பாத்தியில் ஆய்ந்த கத்தரிக்காயைக் கூடை நிறையக் கட்டிக்கொடுத்தேன். கனம் தாங்காமல் சைக்கிள் ஆடியது.

தையும் போனது. அந்தப் பிள்ளை சாப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் கதைப்பதில்லை, சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று ரபீக்கா சொன்னாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. உடனே அவளிடம் ஒரு சாக்குக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினேன். கமலேஸ்வரி கறி வைத்தாளாம். முதல் வாய் வைத்ததும், தன் குசினி வாசம் வருகிறதென்று அழுதாளாம். சொந்த அண்ணன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றாளாம். அதைக் கேட்டு எனக்கும் கண் கலங்கியது. ஒரு நல்ல காரியத்தைச் செய்யும்போது யாராவது அதைப் புரிந்துகொண்டால் பெரிய ஆறுதல்.

பங்குனியில் அடுத்த கண்காட்சி வந்தது. என் காயைத் தூக்க அதே அதிகாரிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. முதற்பரிசு எனக்கு. மேடையில் ஏற்றி, இந்த மணலில் இது எப்படிச் சாத்தியமானது என்று கேட்டார். பழஞ்சுவர் மண் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கை தட்டினார்கள். ஆகவே நான் ஒளித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், கேட்டவர்கள்தான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அங்கேதான் ஒரு பிசகு நடந்தது. தோட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அதிகாரி தன் காரில் வந்து இறங்கினார். கொடியைக் கண்டதும் என்னவென்று கேட்டார். பக்கத்தில் நின்ற சனங்கள் எனக்கு முந்திக்கொண்டு, என் தைரியத்தை எல்லாம் சேர்த்து, கதையைச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு முகம் வெளிறியது. ஒரு வருஷமாகக் குண்டுக்கு மேல் நின்று பயிர் செய்தீரா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நேவியில் குண்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வருவார்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை முழுக்க யோசித்தேன். வருகிறவர்கள் தோண்டுவார்கள். தோண்டினால் ஏதாவது இருக்க வேண்டும். அரசாங்கத்து ஆட்களை வெறும் குழிக்காக அலைக்கழிப்பது சரியில்லை. குசினி இருந்த இடத்தில் கமலேஸ்வரியின் ஆட்டுக்கல் அப்படியே கிடந்தது. அதைப் பாத்திகளுக்கு நடுவே ஆழமாகப் புதைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

செய்தி ரபீக்காவின் வாயால் ஈச்சிலம்பற்றைக்கும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை லாஞ்சியில் கமலேஸ்வரியும் மகளும் வந்து இறங்கினார்கள். மகன் வேறு இடம் வேண்டாம் என்று நின்றதால், குண்டை எடுத்தால் வீடு மிஞ்சும் என்று முத்துலிங்கமும் வந்திருந்தார். குணமணி தேத்தண்ணீர் கொடுத்து அவர்களை ஒழுங்கை முனையில் இருத்தினாள்.

நேவிக்காரர்கள் பின்வேலியைப் பிரித்து உள்ளே போய் மணல்மூட்டை அடுக்கினார்கள். நீளக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் கம்பி 'டங்' என்றது. வெள்ளைக்காரத் தலைவன் கையைத் தூக்கினான். நான் விசில் அடித்தேன், ஒழுங்கை முழுவதும் குப்புறப் படுத்தது. முத்துலிங்கம் சைக்கிளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். நானும் படுத்தேன். அந்த நேரத்தில், வெடித்துவிடுமோ என்று எனக்கும் உண்மையாகவே பயம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அவர்கள் கையால் மண்ணை விலக்கி, கயிறு கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தூக்கி, கயிற்றுக் கட்டிலில் வைத்து ஒழுங்கைக்குக் கொண்டுவந்தார்கள். கமலேஸ்வரிதான் முதலில் தலையை நிமிர்த்தினாள்.

"அது எங்கட ஆட்டுக்கல்லு" என்றாள்.

யாரும் எழும்பவில்லை. அவள் எழும்பினாள். என்னிடம் வந்து கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். எண்ணெய் போட்டு வைத்திருந்தபடியால் பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தாயும் மகளும் உள்ளே போனார்கள். உள்ளே ஆகாயமும் கத்தரியும்தான் இருந்தன. காய் நல்ல காய்ப்பு, அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

கமலேஸ்வரி கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாள். இரத்தினேஸ்வரி அழவில்லை. ஓட்டு வரம்புகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாமா, எங்கட குசினி எங்க?"

கிணற்றுப் பக்கமிருந்து மூன்றாம் பாத்தியைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முத்துலிங்கம் என் சட்டையைப் பிடித்தார். தின்ற கத்தரிக்காயையெல்லாம் சொல்லிச் சொல்லி உலுக்கினார். குணமணி அவருடைய கையை விலக்கிவிட்டு, ஒழுங்கை கேட்கச் சொன்னாள்.

"அவரை விடுங்கோ. என்ர வீடு என்ர சீதனம். எனக்குப் பிள்ளையில்லை. இண்டைக்கே இந்தப் பிள்ளைக்கு எழுதித் தாறன். வாற வைகாசியில கலியாணத்தை வையுங்கோ."

முத்துலிங்கம் பிடியை விட்டார். கலியாணம் நடக்கப்போகிறது. ஆகவே கடைசியில் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. எனக்குத்தான் இனி இருக்க இடமில்லை. என் தலையணையையும் இரும்புத் தொப்பியையும் குணமணி படலையில் வைத்துவிட்டாள். சனங்கள் கலைந்த பிறகு பார்த்தேன், நேவிக்காரர்கள் தோண்டியதில் மண் நன்றாகப் புரண்டு பொலபொலவென்று இருந்தது. அப்படி ஒரு நடுகைப் பதம் எனக்கு வாய்த்ததே இல்லை. நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

எழுதிவிட்டீர்களா? பொய்க் குண்டு சொன்னது நான். கொடி கட்டியது நான். ஒரு பெண்பிள்ளையின் வீட்டைச் சுவர் சுவராக வெட்டிப் பாத்தியில் போட்டது நான். கலியாணம் தள்ளிப்போகும் என்று தெரிந்துகொண்டே போட்டேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறேன். நம்பிக் கொடுத்த வீட்டை நான் பார்த்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். ஒரு நாள்கூட அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்ற நான் தவறியதில்லை.